சிங்கப்பூரில் மின்வாகன சார்ஜிங் தொழில்: கணக்கில் விடுபடும் செலவுகள்

மின்வாகன சார்ஜிங் நிலையம் வைப்பது பற்றித் தமிழில் வரும் காணொளிகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டை மனத்தில் வைத்து எடுக்கப்பட்டவை. இந்தியாவில் 2018 முதல் பொதுச் சார்ஜிங் நிலையம் வைக்கத் தனி உரிமம் தேவையில்லை. சாலையோரம் சொந்த நிலம் இருந்தால் மின் இணைப்பு, சார்ஜர், செயலி என்று கூட்டிப் பார்த்துவிடலாம். அந்தத் தொகையைச் சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) மாற்றிக்கொண்டு சிங்கப்பூரில் தொழில் தொடங்கப் பார்ப்பதுதான் முதல் தவறு.

இங்கே மின்வாகனச் சார்ஜிங்குக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. 2022-ல் நிறைவேறி, 2023 டிசம்பர் 8 முதல் நடப்பில் உள்ளது. சார்ஜிங்கைத் தொழிலாக நடத்த நிலப் போக்குவரத்து ஆணையத்தின் உரிமம் வேண்டும். ஒவ்வொரு சார்ஜரும் ஆணையம் ஏற்ற மாடலாக இருக்க வேண்டும், பதிவாகியிருக்க வேண்டும். பொதுப் பொறுப்புக் காப்புறுதி, காலமுறைச் சோதனை எல்லாம் அதற்கு மேல். கம்பெனிகளைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவில் கம்பெனி பதிய 315 வெள்ளிதான், ஆனால் அதை வைத்துத் தொடக்கச் செலவை எடை போடக்கூடாது.

சீனாவிலிருந்து மலிவாகச் சார்ஜர் தருவிக்கலாமே என்ற யோசனை எல்லோருக்கும் வரும். சார்ஜரின் தரத்தைக் குற்றம் சொல்ல முடியாது, பல நன்றாகவே இருக்கும். ஆனால் டிஆர் 25 என்ற உள்ளூர்த் தொழில்நுட்ப விதிக்கு அது பொருந்துவதை நிரூபித்து ஒப்புதல் வாங்கும் செலவு உங்கள் தலையில் விழும். நான்கைந்து சார்ஜர்களுக்காக அந்த வேலையில் இறங்குவது வீண். ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற மாடலை உள்ளூர் விநியோகிப்பாளரிடம் கூடுதல் விலைக்கு வாங்குவதே மொத்தத்தில் மலிவு.

இடம் கிடைத்துவிடும் என்ற நினைப்பு

இந்தத் தீவில் பெரும்பாலோர் வசிப்பது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில். வாடிக்கையாளர்களும் அங்கேதான். ஆனால் ஏறக்குறைய 2,000 வீவக கார்நிறுத்தங்களில் சார்ஜர் வைக்கும் வேலை, நிலப் போக்குவரத்து ஆணையத்தின் துணை நிறுவனமான ஈவியின் (EVe) ஏலக்குத்தகை வழியாகப் பெரிய நிறுவனங்களுக்குப் போய்விட்டது. சிறு முதலாளிக்கு மிச்சம் இருப்பவை கொண்டோமினியம் (கொண்டோ எனப்படும் தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பு), கடைத்தொகுதி, தொழிற்பேட்டை போன்றவைதான்.

கொண்டோவில் நிர்வாகக் குழுத் தலைவர் தலையாட்டிவிட்டார் என்பதால் ஒப்பந்தம் முடிந்ததாக நினைத்துவிடக் கூடாது. குடியிருப்பாளர்களின் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற வேண்டும். புதிய சட்டம் இதற்கான ஆதரவு அளவைக் குறைத்திருப்பது உண்மை. ஆனாலும் கூட்டம் நடக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் சார்ஜரை வாங்கி, கிடங்கு வாடகையும் கட்டிக்கொண்டிருந்தால் வருமானம் வராமலே கைக்காசு கரையும். தீர்மானம் கையில் வந்த பிறகே சார்ஜருக்கு முன்பணம் கொடுங்கள்.

கம்பிக்கு ஆகும் காசு

என்னைக் கேட்டால், மற்ற எல்லாவற்றையும்விட இங்கேதான் அதிகம் பேர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். சார்ஜர் விலையை இணையத்தில் பார்த்துவிடலாம். ஸ்விட்ச் அறையிலிருந்து கார்நிறுத்தம்வரை கேபிள் இழுக்க எவ்வளவு ஆகும் என்பதை எந்த இணையப் பக்கமும் சொல்லாது. முதல் தளத்து அறையிலிருந்து மூன்றாம் அடித்தளத்துக்குக் கேபிள் போக வேண்டும், நடுவே தீத்தடுப்புச் சுவரைத் துளைத்துத் திரும்ப முறையாக அடைக்க வேண்டும் என்றால் சார்ஜர் விலையைக் கேபிள் வேலை தாண்டிவிடலாம். உரிமம் பெற்ற மின் ஊழியர் ஒருவரை அழைத்துப்போய் இடத்தைக் காட்டாமல் யாரிடமும் விலைப்புள்ளி வாங்காதீர்கள். அதற்குக் கட்டணம் கேட்டாலும் கொடுங்கள்.

கட்டடத்தில் மின்திறன் மிச்சம் இருக்கிறதா என்பதையும் அவரிடமே கேளுங்கள். புதிய கட்டடங்களில் 15 விழுக்காட்டு நிறுத்துமிடங்களுக்காவது மின்வசதியை முன்கூட்டியே செய்து வைக்கச் சட்டம் சொல்கிறது. பழைய கட்டடங்களில் அப்படி எதுவும் இருக்காது. ஒரு 7.4 கிலோவாட் சார்ஜர் ஒற்றைக் கட்ட (சிங்கிள் பேஸ்) இணைப்பில் 32 ஆம்பியர் இழுக்கும். இப்படி ஆறு வைத்தாலே 44.4 கிலோவாட். தனி இணைப்பு எடுத்து 45 கேவிஏ-வைத் (கிலோவாட்டை ஒட்டிய மின்திறன் அளவு) தாண்டினால் எரிசக்திச் சந்தை ஆணையத்திடம் மின் நிறுவல் உரிமம் வாங்கி, அதற்கென மின் ஊழியர் ஒருவரை நியமிக்க வேண்டும். அது மாதாமாதம் வரும் செலவு. இருக்கும் மின்சாரத்தைக் கார்களுக்கு இடையே பகிர்ந்து கொடுக்கும் மென்பொருள் பல சார்ஜர்களில் உண்டு. இரவு முழுக்க நிற்கும் கார்களுக்கு அது போதும்.

கொண்டோவின் பொது இணைப்பிலிருந்தே மின்சாரம் எடுப்பதானால் வேறொரு சிக்கல். அந்தக் கட்டடம் உயர் அழுத்த மின்சாரம் வாங்கும் வாடிக்கையாளராக இருந்தால், ஒப்புக்கொண்ட திறனைத் தாண்டும் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் கூடுதல் கட்டணம் விழும். இரவு எட்டு மணிக்கு எல்லார் காரும் ஒரே நேரத்தில் சார்ஜ் ஏறினால் அந்த பில் யாருக்கு? ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் உங்களிடம்தான் வருவார்கள்.

கேபிள் போடும்போதே கைப்பேசிச் சிக்னலையும் சோதித்துப் பாருங்கள். அடித்தளத்தில் சிக்னல் இல்லாவிட்டால் செயலியில் பணம் கட்ட முடியாது, சார்ஜரும் திறக்காது. ரவுட்டருக்கும் ஆன்டெனாவுக்கும் தனியாகப் பணம் ஒதுக்குங்கள்.

பெரியது வாங்கினால் வேகம் என்ற நம்பிக்கை

22 கிலோவாட் ஏசி (மாறுதிசை மின்னோட்ட) சார்ஜர் வைத்தால் ஆட்கள் தேடி வருவார்கள் என்று விற்பனையாளர் சொல்வார். ஏசி சார்ஜிங்கில் வேகத்தை முடிவு செய்வது காருக்குள் இருக்கும் சார்ஜர். இங்கே நிறைய ஓடும் பிஒய்டி அட்டோ 3 ஏசியில் ஏறக்குறைய 7 கிலோவாட்தான் எடுக்கும், டெஸ்லா மாடல் ஒய் 11. மீதித் திறனுக்கு நீங்கள் பணம் கட்டியிருப்பீர்கள், யாரும் பயன்படுத்த மாட்டார்கள்.

டாக்சி, தனியார் வாடகைக் கார் ஓட்டுநர்களை நம்பித் தொழில் செய்வதானால் டிசி (நேர்திசை மின்னோட்ட) வேகச் சார்ஜர்தான் வேண்டும். அவர்களுக்குச் சார்ஜரில் நிற்கும் நேரம் சம்பாதிக்காத நேரம். ஆனால் டிசி-யில் மின்சாரத்தை மாற்றும் வேலை உங்கள் இயந்திரத்துக்குள் நடக்கிறது. வழியில் சில விழுக்காடு வெப்பமாகப் போய்விடும். மின்விநியோக நிறுவனமான எஸ்பி-யின் மீட்டரில் ஏறியது முழுவதற்கும் நீங்கள் பணம் கட்டுவீர்கள், காருக்குள் போனதற்கு மட்டும்தான் வாடிக்கையாளர் கட்டுவார்.

24 மணி நேரமும் ஓடும் என்று போடும் கணக்கு

2024-ல் பதிவான புதிய கார்களில் மூன்றில் ஒன்று மின்வாகனம். உற்சாகம் தரும் செய்திதான். ஆனால் அந்த ஆண்டு முடிவில் சாலையில் இருந்த மொத்தக் கார்களில் அவை சுமார் 4 விழுக்காடு. உங்கள் சார்ஜருக்கு வரப்போவது சாலையில் ஓடும் மின்வாகனங்களில் ஒரு சிறு பகுதி.

ஒரு உதாரணம். 7.4 கிலோவாட் சார்ஜர் நாளுக்கு நான்கு மணி நேரம் முழு வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 30 யூனிட். யூனிட்டை 55 சென்ட்டுக்கு விற்கிறீர்கள், வாங்கும் விலை 30 சென்ட். மிச்சம் 25 சென்ட், மாதத்துக்குச் சுமார் 225 வெள்ளி. இதிலிருந்து கொண்டோவின் பங்கு, மென்பொருள் சந்தா, அட்டைக் கட்டணம், காப்புறுதி, பழுதுபார்ப்பு எல்லாம் போக வேண்டும். நான்கு மணி நேரம் இரண்டானால் மிச்சமும் பாதியாகும், சந்தாவும் காப்புறுதியும் குறையாது.

பொருள் சேவை வரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆண்டு வருமானம் 10 லட்சம் வெள்ளிக்குக் கீழ் இருந்தால் பதிவு கட்டாயமில்லை. அப்போது மின் பில்லில் வரும் 9 விழுக்காடு வரியைத் திரும்பப் பெற முடியாது, அது உங்கள் செலவு. பதிவு செய்துகொண்டால் அந்த 55 சென்ட்டில் ஏறக்குறைய நாலரை சென்ட் அரசாங்கத்துக்கு. எப்படிப் பார்த்தாலும் 25 சென்ட் அப்படியே நிற்காது. எஸ்பி கட்டணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும் என்பதால், விற்பனை விலையை ஆண்டுக்கணக்கில் மாற்றமாட்டேன் என்று யாருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டாம்.

சார்ஜ் முடிந்தும் காரை எடுக்காதவர்கள் பிரச்சினைக்குக் காத்திருப்புக் கட்டணம்தான் வழி. ஆரம்பத்திலேயே வைத்துவிடுங்கள், பிறகு கொண்டுவந்தால் சண்டை வரும்.

மானியத்தை வரவில் எழுதுவதும் ஆபத்து. 2021-ல் தொடங்கிய பொதுச் சார்ஜர் மானியம் தனியார் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கானது. எத்தனை சார்ஜர்களுக்கு, எதுவரை என்ற வரம்புகளோடு வந்தது. இன்னும் விண்ணப்பிக்க முடியுமா என்று முதலில் விசாரியுங்கள், கைகூடினால் சந்தோஷம். அது இல்லாமலும் கணக்கு நிற்க வேண்டும்.

கடைசியாக ஒப்பந்தக் காலம். போட்ட பணம் திரும்ப ஐந்து ஆண்டு ஆகும் என்று கணக்குச் சொல்லும்போது மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பழைய கொண்டோவாக இருந்தால் என்புளோக் (வீடுகள் எல்லாவற்றையும் மொத்தமாக விற்பது) விற்பனைப் பேச்சு உண்டா என்று விசாரியுங்கள். கட்டடமே விற்கப்பட்டால் கேபிளுக்கு இழப்பீடு உண்டா, சார்ஜரைக் கழற்றி இடத்தைப் பழையபடி ஆக்கிக் கொடுக்கும் செலவு யாருடையது என்ற இரண்டையும் கையெழுத்துக்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.