சீப்ரா மீன் முட்டைக்குள் வால் எப்போது ஆடும்? மலைநாட்டுக் குளிரில் பார்க்கும் முறை

முதல் தடவை நான் வைத்த முட்டைகள் அத்தனையும் செத்துப் போயின. 17 மணி நேரத்தில் வால் ஆடும் என்று படித்துவிட்டு, இரவு முழுக்க டோர்ச் வெளிச்சத்தில் யோகட் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடவில்லை. விடிந்தபோது முட்டைகள் சவ்வரிசி போல வெளுத்துக் கிடந்தன. வெப்பமானியை விட்டுப் பார்த்தால் தண்ணீர் 16 டிகிரி. இலங்கை மலைநாட்டில், எங்கள் தலவாக்கலையில், தை மாத விடியற்காலை அப்படித்தான் இருக்கும். அந்த 17 மணி நேரக் கணக்கோ 28.5 டிகிரித் தண்ணீருக்கு உரியது.

நான் உயர்தர மாணவருக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். அசற்றைல்கோலின், குளுட்டமேற்று, கிளைசீன், டோபமின் என்று நரம்புக் கடத்திகளின், அதாவது ஒரு நரம்பு அடுத்த கலத்துக்குச் சேதி சொல்லச் சுரக்கும் இரசாயனங்களின், பெயர்களைப் பிள்ளைகள் வாய்ப்பாடு போல ஒப்புவிப்பார்கள். அவை உடலில் என்ன செய்கின்றன என்பதைக் கண்ணால் காட்ட சீப்ராவை விட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. முட்டை தாயின் உடலுக்கு வெளியே வளர்கிறது. கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது. முதல் அசைவிலிருந்து ஆபத்தைக் கண்டு தப்பி ஓடுவது வரை ஐந்தே நாளில் நடந்து முடிகிறது. ஒவ்வொரு புது அசைவுக்குப் பின்னாலும் புதிதாக இணைந்த நரம்புகள் இருக்கின்றன. எந்த மருந்தும் விட வேண்டாம், எதையும் வெட்ட வேண்டாம். நேரத்தைக் குறித்துக்கொண்டு பார்த்தால் போதும்.

முட்டை எடுப்பது

அலங்கார மீன் கடையில் சீப்ரா என்றே கேளுங்கள். உடல் நெடுக நீலக் கோடு ஓடும் சாதாரண மீன் போதும். வயிறு பருத்தது பெண், மெலிந்து பொன்னிறம் தட்டுவது ஆண். இரண்டு பெண், மூன்று ஆண் வாங்கி, 26 முதல் 28 டிகிரி வரை சூடான தொட்டியில் ஒரு வாரம் நுளம்புப் புழு கொடுத்து நன்றாகச் சாப்பிட வையுங்கள். எங்கள் வீட்டில் பீலித் தண்ணீர்தான், அதில் குளோரின் இல்லை. குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு நாள் வாளியில் திறந்து வைத்துவிட்டுப் பாவியுங்கள்.

மாலையில் தொட்டியின் அடியில் கோலிக்குண்டுகளை இரண்டு அடுக்காகப் பரப்பி, மேலே கறுப்புத் துணி போர்த்திவிடுங்கள். பெரிய மீன்கள் தங்கள் முட்டையைத் தாங்களே தின்றுவிடும், குண்டுகளுக்கு இடையில் விழுந்தவை தப்பும். காலை 7 மணிக்குத் துணியை எடுத்து விளக்கைப் போடுங்கள். வெளிச்சம் பட்ட முதல் ஒரு மணி நேரத்துக்குள் முட்டையிடும். ஒரு பெண் நூறு, இருநூறு முட்டை கூட இடும். மெல்லிய குழாயால் அடியிலிருந்து உறிஞ்சி எடுத்து, தேயிலை வடியில் அலசி, ஒரு கப்புக்கு 30 முட்டை என்று பிரித்து வையுங்கள். தண்ணீரில் வானநிறம் லேசாகத் தெரியும் அளவுக்கு மெதிலீன் நீலம் கலந்தால் பூஞ்சணம் பிடிக்காது. வெளுத்துப் போன முட்டையைக் கண்டவுடன் எடுத்துவிடுங்கள், ஒன்று அழுகினால் மற்றவையும் கெடும்.

சூடுதான் கடிகாரம்

இந்த விடயத்தில் அவசரப்படாதீர்கள். மலைநாட்டில் இதைச் செய்பவர்கள் தோற்பது இங்கேதான்.

மீன்காரர் ஐஸ் போட்டுக் கொண்டு வரும் ரிஜிபோம் பெட்டி ஒன்றைக் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள். பாதி வரை தண்ணீர் ஊற்றி, மீன் தொட்டிக்கு விற்கும் சிறிய ஹீட்டரை அதற்குள் வையுங்கள். கப்புகள் அந்தத் தண்ணீரில் நிற்க வேண்டும், முட்டை இருக்கும் தண்ணீரில் ஹீட்டர் படவே கூடாது. ஹீட்டரில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல் கப்புக்குள்ளேயே வெப்பமானியை வைத்துப் பாருங்கள். என்னுடையது 28 என்று காட்டும்போது கப்பில் 26தான் இருக்கும். மின்வெட்டுக்கு ஆயத்தமாக வெந்நீர் நிரப்பிய இரண்டு போத்தல்களும் ஒரு கம்பளியும் பக்கத்தில் இருக்கட்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணி நேரம் மின்சாரம் நின்றபோது, போத்தலை மாற்றி மாற்றி வைத்து ஒரு கப்பை மட்டும் காப்பாற்றினேன்.

சரி, கணக்குக்கு வருவோம். சீப்ரா முளையத்தின் வளர்ச்சிப் படிகளை 1995இல் கிம்மலும் அவருடன் வேலை செய்தவர்களும் வரிசைப்படுத்தியபோது, வெப்பநிலைக்கு ஒரு வாய்பாடும் தந்தார்கள். வெப்பநிலையை 0.055ஆல் பெருக்கி, 0.57ஐக் கழியுங்கள். புத்தகம் சொல்லும் மணி நேரத்தை அந்த விடையால் வகுத்தால் உங்கள் கப்பின் மணி நேரம் கிடைக்கும். 25இலிருந்து 33 டிகிரி வரை இது பொருந்தும்.

இதில் நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. காலை 7 மணிக்கு இட்ட முட்டையை 28.5 டிகிரியில் வைத்தால், வால் மிக வேகமாக ஆடும் 19ஆவது மணி நேரம் நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு வந்துவிடும். பிள்ளைகள் எப்படிப் பார்ப்பது? அதையே 25 டிகிரியில் வையுங்கள். 25ஐ 0.055ஆல் பெருக்கி 0.57ஐக் கழித்தால் 0.805. 19ஐ அதால் வகுத்தால் 23.6 மணி நேரம், அதாவது மறுநாள் காலை ஆறரை. 21ஆவது மணி நேரம் காலை 9 மணிக்கு வகுப்பில் வரும். 27ஆவது மணி நேரம் மாலை நாலரைக்கு. இங்கே சூட்டைக் குறைத்துப் பிடிப்பது சுலபம் என்பதால், முதல் ஒன்றரை நாளுக்கு நான் எப்போதும் 25தான் வைக்கிறேன். அப்புறம் மெல்ல மெல்ல 28க்கு ஏற்றுவேன்.

முதல் காலை: முட்டைக்குள் துடிப்பு

கப்பின் அடியில் கறுப்புத் துணி, பக்கவாட்டில் டோர்ச், கையில் பூதக்கண்ணாடி. பாடசாலையில் நுணுக்குக்காட்டி இருந்தால் மிகக் குறைந்த பெருப்பத்தில் வையுங்கள். முளையம் மஞ்சட்கருவைச் சுற்றி வளைந்து படுத்திருக்கும். திடீரென்று வால் ஒரு பக்கம் சுருளும், அப்புறம் மறுபக்கம். உச்சத்தில் விநாடிக்கு ஒரு தடவை கூடத் துடிக்கும். பத்து முளையங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை துடிக்கிறது என்று கொப்பியில் எழுதுங்கள்.

கொழுந்துக்குப் புறப்பட்டு நின்ற அம்மா ஒரு நாள் ஆறரை மணிக்குக் குனிந்து பார்த்துவிட்டு, "வயித்துக்குள்ள புள்ள ஒதைக்கிற மாதிரியே இருக்குடி" என்றார். பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு) பிந்துகிறது என்று தெரிந்தும் இன்னும் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இந்தத் துடிப்புக்கு மூளை தேவையில்லை. முண்ணாணில் உள்ள சில நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று நேரடி மின் தொடுப்பால் இணைந்து தாமாகவே இதை எழுப்புகின்றன. அந்தக் கலங்களுக்கு இடையில் இரசாயனப் பேச்சு அப்போது அவசியமில்லை. ஆனால் கடைசிப் படியில், இயக்க நரம்பு தசையைத் தொடும் இடத்தில், அசற்றைல்கோலின் வந்தே ஆக வேண்டும். அதைப் பிடித்துக்கொள்ளும் தசையின் வாங்கி பழுதான விகாரி மீன்கள் (மரபணு மாறியவை) உயிரோடு இருந்தும் அசையாமலே கிடக்கும். ஆகவே நீங்கள் எண்ணுகிற ஒவ்வொரு துடிப்பும் அசற்றைல்கோலின் தசைக்குச் சேர்ந்ததற்கான கணக்கு.

தொட்டுப் பார்ப்பது

புத்தகக் கணக்கின் 21ஆவது மணி நேரம் வந்ததும், இரண்டு ஊசி முனைகளால் முட்டையின் வெளி உறையைக் கவனமாகக் கிழித்து நாலைந்து முளையங்களை வெளியே விடுங்கள். உங்கள் தலைமுடி ஒன்றைத் தீக்குச்சியில் ஒட்டி, அதன் நுனியால் வாலை மெல்லத் தொடுங்கள். இப்போது வேகமான ஒரு சுருளல் வரும். தொடுகையை உணரும் நரம்பு குளுட்டமேற்றைச் சுரந்து அடுத்த நரம்பை எழுப்புகிறது, பின்மூளையும் இதில் சேர்ந்துவிட்டது. 27ஆவது மணி நேரத்தில் தொட்டால் சுருண்டு நிற்காமல் கொஞ்ச தூரம் நீந்தி ஓடும். தொடக்கத்தில் வால் விநாடிக்கு 7 தடவை போல அடிக்கும், 36 மணி நேரத்துக்குள் அது 27 அளவுக்குப் போய்விடும்.

நீந்துவதற்கு ஒரு பக்கத் தசை இறுகும்போது மறுபக்கம் தளர வேண்டும். அந்தத் தளர்வைக் காப்பது கிளைசீன். கிளைசீன் வாங்கியில் பழுதுள்ள ஒரு விகாரி மீன் வகை இருக்கிறது. தொட்டால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இறுகி, உடம்பு ஆர்மோனியத் துருத்தி மாதிரி குறுகிப் போகும். அதனால் பாண்டோனியன் என்ற துருத்தி வாத்தியத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு நம் குஞ்சின் அலை அலையான நீச்சலைக் காட்டினால், தடுக்கும் கடத்தி ஏன் வேண்டும் என்று தனியாக விளக்கத் தேவையே வராது.

மூன்றாம் நாள், தாத்தாவின் கை

இரண்டாம் நாள் முடிவிலும் மூன்றாம் நாளிலும் குஞ்சு பொரிக்கும். பொரித்தவை பக்கவாட்டில் படுத்தே கிடக்கும், எப்போதாவது ஒரு தடவை நீந்தும். செத்துவிட்டதென்று கொட்டிவிடாதீர்கள். இதயம் துடிப்பது வெளியிலேயே தெரியும்.

இந்த அசையாமையில் டோபமினுக்குப் பங்கு இருக்கிறது. இப்போது பெங்களூரில் ஆய்வு செய்யும் வத்சலா திருமலை, ஹொலிஸ் கிளைனுடன் சேர்ந்து 2008இல் வெளியிட்ட ஆய்வு, மூன்று நாள் குடம்பிகளில் (பொரித்த குஞ்சுகளில்) டோபமின் நீச்சல் தொடங்குவதை அடக்கி வைக்கிறது என்று காட்டியது. நாலாம் நாளுக்கு மேல் அதே டோபமின் நீச்சலைக் கூட்டும் பக்கம் நிற்கிறது. ஒரே பொருள், வயதுக்கு வயது வேறு வேலை.

டோபமின் என்றால் எனக்குத் தாத்தாவின் வலது கைதான் ஞாபகம் வரும். தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தால் தட்டில் கலகலவென்று சத்தம் கேட்கும். நாலு வருடம் குளிர் என்றே நினைத்தோம். நோய் பார்க்கப் போன இடத்திலும் வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பார்க்கின்சன் என்று தெரிந்தபோது அவர் நடக்கவே காலை இழுத்துக்கொண்டிருந்தார். நடுமூளையில் டோபமின் சுரக்கும் கலங்கள் அழிவதால் வரும் நோய் அது. சீப்ராவுக்கு நடுமூளையில் அந்தக் கலங்கள் இல்லை, முன்மூளையின் அடிப்பகுதியில் உள்ள கலங்கள் அதே போன்ற வேலையைச் செய்கின்றன. அதனால்தான் அந்த நோயை ஆராய்பவர்களும் இந்தச் சிறு மீனைத் தேடி வருகிறார்கள். மூன்றாம் நாள் கப்பை நான் மற்ற நாட்களை விட அதிக நேரம் பார்ப்பேன்.

மூன்றாம், நாலாம், ஐந்தாம் நாட்களில் பத்து நிமிடத்துக்கு எத்தனை தடவை தாமாக நீந்துகின்றன என்று எண்ணுங்கள். காற்றுப்பை நிரம்பியதும் எண்ணிக்கை ஏறுவதைக் காண்பீர்கள். அதை முழுவதும் டோபமினின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். தசையும் வளர்கிறது, மிதக்கவும் முடிகிறது.

ஐந்தாம் நாள்: திடுக்கிடல்

கைபேசியின் மெதுகாட்சியில் விநாடிக்கு 240 படம் வைத்து, கப்பு இருக்கும் மேசையை ஒரு கரண்டியால் ஒரு தடவை தட்டுங்கள். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 4 மில்லிவிநாடி. மூன்று நாலு படத்துக்குள் குடம்பி ஆங்கில சி எழுத்து மாதிரி வளைந்து திரும்பிவிடும். பின்மூளையில் பக்கத்துக்கு ஒன்றாக உள்ள மௌத்னர் என்ற பெரிய நரம்புக் கலங்கள் செய்யும் வேலை இது. அடுத்து, விநாடிக்கு ஒரு தடவை என்று தொடர்ந்து தட்டுங்கள். சில தட்டுகளுக்குப் பின் திடுக்கிடுவது குறைந்துவிடும். ஆபத்தில்லை என்று பழகிக்கொள்கின்றன. குளுட்டமேற்றை வாங்கும் ஒரு வகை வாங்கியைத் தடுத்தால் இந்தப் பழக்கம் குலைகிறது.

மழை பெய்யும்போது இதைச் செய்யவே வேண்டாம். லயத்துத் தகரக் கூரையில் மழை விழும் அதிர்வு மேசைக்கும் வரும். ஒரு நாள் முழுக்க என் குடம்பிகள் எதற்கும் திடுக்கிடவில்லை, நான் தட்டும் முன்பே மழை அவற்றைப் பழக்கிவிட்டிருந்தது. கொழுந்து லொறி போகும் நேரத்தையும் தவிருங்கள்.

"மிஸ், தேத்தண்ணி ஊத்திப் பார்ப்பமா?" என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பிள்ளை கேட்கும். நல்ல கேள்வி. கஃபீன் மூளையில் அடினோசின் வாங்கிகளை மறிக்கிறது, மீனிலும் அசைவை மாற்றும். ஆனால் தேயிலைச் சாயத்தில் கஃபீனோடு தனினும் இருக்கிறது, தண்ணீரின் அமிலத் தன்மையும் மாறும். குடம்பி துள்ளினால் எதனால் என்று சொல்ல முடியாது. வேண்டாம் என்கிறேன். தோட்டத்தில் அடிக்கும் மருந்து எதுவும் அந்த மேசைக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது.

ஐந்தாம் நாளோடு மஞ்சட்கரு தீர்ந்துகொண்டு வரும். தானாக இரை தேடும் பருவத்திலிருந்துதான் ஐரோப்பியச் சட்டம் மீன் குடம்பியைப் பாதுகாக்க வேண்டிய விலங்காகக் கணக்கிடுகிறது. நானும் அதோடு பரிசோதனையை நிறுத்திவிடுவேன். ஆற்றில் விடாதீர்கள், நம் ஓடைகள் அதன் சொந்த இடமல்ல. ஒரு வாரம் முன்பே ஒரு போத்தல் தண்ணீரில் கோவா இலை போட்டு ஊற வைத்திருந்தால், அதில் பெருகிய நுண்ணுயிர்களைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்து வளர்க்கலாம்.

முதல் சொட்டு விடும்போது பூதக்கண்ணாடியைக் கையில் வைத்திருங்கள். இரையைக் கண்டதும் குடம்பியின் இரண்டு கண்களும் மூக்குப் பக்கமாகத் திரும்பும். வால் நுனி மட்டும் லேசாக வளைந்து உடம்பை இரையின் நேருக்குக் கொண்டு வரும். பிறகு ஒரே பாய்ச்சல். வயிறு வெளுப்பாக நிறைந்து தெரிந்தால் அன்றைக்குப் போதும். மீதித் தண்ணீரைப் பாதி மாற்றிவிட்டு, இரவு 9 மணிக்கு விளக்கை அணைத்துத் துணியைப் போர்த்துங்கள். அவற்றுக்குப் பத்து மணி நேர இருட்டு வேண்டும்.