வயதான சின்ன நாய்க்கு வீடு தேடும்போது செய்யக் கூடாதவை

நாய்க் காப்பகத்துக்கு வந்து சேரும் பொமரேனியன், பக், ஷிட்சூ போன்ற சின்ன இன நாய்கள் தெருவில் பிறந்தவை அல்ல. யாரோ ஒருவர் வீட்டில், கட்டிலுக்கு அடியிலோ சோபாவின் மேலோ படுத்து வளர்ந்தவை. ஓசூர்த் தொழிற்பேட்டையில் வேலை பார்த்த குடும்பம் வேறு மாநிலத்துக்கு மாற்றலாகும். புதிதாகக் குடிபோன இடத்தில் வீட்டுக்காரர் நாய் கூடாது என்பார். வளர்த்த பெரியவர் காலமாகிவிடுவார். பிள்ளைகள் பெங்களூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பார்கள். கடைசியில் நாய் காப்பகத்தின் கம்பிக் கதவுக்குப் பின்னால் வந்து நிற்கும். அப்போது அதற்கு வயது 8 இருக்கலாம், 10 இருக்கலாம்.

தத்தெடுக்க வருபவர்கள் முதலில் கேட்பது “குட்டி இருக்கிறதா?” என்றுதான். வயதான நாய் என்றதும் முகம் மாறிவிடும். சின்ன இன நாய்கள் பொதுவாக 12 முதல் 15 வயது வரை வாழும். ஒன்பது வயது பொமரேனியனுக்கு இன்னும் சில நல்ல ஆண்டுகள் மிச்சம் இருக்கின்றன. செருப்பைக் கடித்துக் குதறும் பருவத்தை அது தாண்டிவிட்டது. பெரும்பாலும் வெளிக்குப் போகும் பழக்கமும் வந்திருக்கும். அதனால் வீடு கிடைக்காமல் போவதில்லை. கிடைத்த வீடு நிலைக்காமல் போவதுதான் கொடுமை. ஒருமுறை கைவிடப்பட்ட நாயைப் பத்து நாளில் திருப்பிக் கொண்டுவந்து விட்டால், அது சாப்பாட்டுத் தட்டைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ளும். அப்படித் திரும்பி வந்த நாய்கள் எதற்காக வந்தன என்று விசாரித்தால், தவறு பெரும்பாலும் கொடுத்த கையில்தான் தொடங்கியிருக்கும். இதைக் காப்பகத்தில் உதவுபவர்களும், தெரிந்தவருடைய நாய்க்கு இடம் தேடுபவர்களும் மனத்தில் வைக்க வேண்டும்.

வயதையும் நோயையும் மறைப்பது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. “நான்கு, ஐந்து வயதுதான் இருக்கும்” என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள்; உண்மையைச் சொன்னால் யாரும் எடுக்க மாட்டார்கள் என்ற பயம். ஒரு மாதம் கழித்துப் புதிய வீட்டார் கால்நடை மருத்துவரிடம் போனதும் உண்மை வெளியே வந்துவிடும். அதன்பிறகு நீங்கள் சொன்ன எதையும் அவர்கள் நம்ப மாட்டார்கள். சரியான வயது யாருக்கும் தெரியாவிட்டால் “மருத்துவர் 8-லிருந்து 10 வரை இருக்கும் என்கிறார்” என்று சொல்லுங்கள். அதுவே போதும்.

கொடுப்பதற்கு முன் நாயை நீங்களே ஒருமுறை ஆற அமரப் பாருங்கள். உதட்டின் ஓரத்தை விரலால் மெல்லத் தூக்கினால் கடைவாய்ப் பற்கள் தெரியும். சின்ன நாய்களுக்கு வாய் சிறியது, பற்கள் நெருக்கம்; காறை சீக்கிரம் படியும். பழுப்பு நிறத்தில் கெட்டியாகப் படிந்திருந்து, ஈறு பல்லைத் தொடும் இடத்தில் சிவப்புக் கோடாக வீங்கியிருந்தால், அந்த நாய்க்கு வலிக்கிறது என்று பொருள். நாற்றம் அடிக்கும் வாயை “வயசாகிவிட்டது, அப்படித்தான்” என்று விட்டுவிடுகிறோம். பல்லைச் சுத்தம் செய்து, ஆடும் பற்களை எடுத்துவிட்டால், அதே நாய் ஒரு வாரத்தில் தட்டைக் காலி செய்யும். புதிய வீட்டாரிடம் “சாப்பாட்டில் தகராறு செய்யும்” என்று எச்சரித்துக் கொடுப்பதைவிட, இதைச் செய்துவிட்டுக் கொடுப்பது எவ்வளவோ மேல்.

அடுத்தது கண். வயதான நாயின் கண்மணியில் நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல் தெரியும். பார்ப்பவர்கள் உடனே “குருடா?” என்பார்கள். பெரும்பாலும் அது வயதினால் கண்ணின் வில்லை இறுகுவதால் வருவது. பார்வையை அதிகம் கெடுக்காது. வெள்ளை வெளேரென்று தெரிந்தால் கண்புரையாக இருக்கலாம். எது என்று மருத்துவரிடம் கேட்டு, தெளிவாகச் சொல்லுங்கள். பார்வை போன நாயாகவே இருந்தாலும், நாற்காலி மேசையை அடிக்கடி இடம் மாற்றாத வீட்டில் மோப்பத்தை வைத்தே பழகிக்கொள்ளும்.

இரவில் இருமுகிறதா என்பதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். சின்ன இனங்களில் வயதானபின் இதய வால்வு தளர்வது சகஜம். மூச்சுக்குழாய் தளர்ந்துபோனாலும் இருமல் வரும். நாய் நன்றாகத் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். 30-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் மருத்துவரிடம் காட்டாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். இதய நோய்க்குத் தினமும் மாத்திரை கொடுத்து நல்லபடியாக வாழவைக்க முடியும். ஆனால் மாதாமாதம் அந்தச் செலவு இருக்கிறது என்பதைப் புதிய வீட்டார் முதல் நாளே தெரிந்துகொண்டிருக்க வேண்டும். உள்ளூர்க் கால்நடை மருத்துவமனையில் வசதி இல்லாத பரிசோதனைகளுக்கு, சேலம் தாண்டினால் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தருமபுரிக்காரர்களுக்கு அது எட்டாத தூரம் இல்லை.

கருத்தடை செய்யாமல் கொடுப்பது

இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். “வயசான நாய்க்கு எதற்கு ஆபரேஷன்?” என்று கேட்பவர்கள் உண்டு. இலவசமாகக் கிடைக்கும் பொமரேனியன் பெட்டைக்காகவே வருபவர்களும் உண்டு. நல்ல சட்டை, பணிவான பேச்சு, “வீட்டில் எல்லோருக்கும் நாய் என்றால் உயிர்” என்பார்கள். கொண்டுபோய்க் குட்டி போட வைத்து விற்பார்கள். அந்த வயதில் ஒரு ஈற்றையே அதன் உடல் தாங்காது. அடிவயிற்றில் தொங்கிப்போன காம்புகளோடு காப்பகத்துக்கு வந்த பெட்டையைப் பார்த்தாலே அதற்கு என்ன நடந்திருக்கிறது என்று புரிந்துவிடும். அதே கதிக்கு அதை இன்னொருமுறை அனுப்பலாமா?

குட்டி போடாவிட்டாலும் ஆபத்து இருக்கிறது. கருத்தடை ஆகாத வயதான பெட்டைக்கு, பருவம் முடிந்த சில வாரங்களில் கருப்பையில் சீழ் கட்டக்கூடும். அதிகமாகத் தண்ணீர் குடிக்கும், சோர்ந்து படுக்கும், சாப்பிடாது. சிலவற்றுக்குக் கசிவு தெரியும், சிலவற்றுக்கு வெளியே எதுவுமே தெரியாது. உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் உயிர் போய்விடும். அதனால் இரத்தப் பரிசோதனை செய்து, மயக்க மருந்தைத் தாங்கும் என்று மருத்துவர் சொன்னால், காப்பகத்திலேயே கருத்தடையை முடித்துவிடுங்கள். தாங்காது என்று அவர் சொன்னால், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வீட்டைத் தவிர வேறெங்கும் கொடுக்காதீர்கள்.

“தோட்டம் இருக்கிறது, சுதந்திரமாக ஓடும்”

நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. மாந்தோப்பு, கிணறு, காற்று. கேட்கவே நன்றாக இருக்கும். நான்கு கிலோ எடையுள்ள, வீட்டுக்குள்ளேயே வளர்ந்த நாய்க்குத் தோப்பு என்பது பாம்பும் உண்ணியும் தெருநாய்க் கூட்டமும்தான். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளி, பென்னாகரம் பக்கம் காட்டை ஒட்டிய நிலம் என்றால் சிறுத்தையும் சேர்ந்துகொள்ளும். அந்தப் பக்கம் வனவிலங்குச் சரணாலயக் காடுகள் தொடுகின்றன. இரவில் வெளியே கட்டிய நாய் சிறுத்தைக்குச் சுலபமான இரை. தோட்ட வீட்டுக்காரர்களுக்குக் கொடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. “இரவில் எங்கே படுக்கும்?” என்று கேளுங்கள். “உள்ளே, எங்களோடு” என்று தயங்காமல் பதில் வந்தால் மேலே பேசலாம். “காவலுக்கு” என்ற சொல் வந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெயிலையும் யோசிக்க வேண்டும். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே பழகிய பக் நாயை மே மாதத்தில் தருமபுரியில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டுக்குக் கொடுத்தால் அது மூச்சுக்குத் திணறும். மூக்கு சப்பையான நாய்களுக்கு உடல் சூட்டை வெளியேற்றுவது ஏற்கெனவே சிரமம்.

வீட்டைப் போய்ப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். போனால் கேட்டைப் பாருங்கள். கம்பிகளுக்கு இடையே உங்கள் கையை முஷ்டியாக மடக்கி நுழைத்துப் பாருங்கள். முஷ்டி நுழைந்தால் பொமரேனியனின் தலையும் நுழையும்; அதற்கு முடிதான் பெரிது, உடம்பு அல்ல. புதிய வீட்டிலிருந்து முதல் சில நாட்களில்தான் நாய்கள் தப்பி ஓடும். கேட்டின் கீழ்ப்பாதிக்கு வலை அடித்துவிட்டால் தீர்ந்தது. தரை வழவழப்பான கிரானைட்டா, டைல்ஸா என்றும் பாருங்கள். இடுப்பும் முழங்காலும் தளர்ந்த நாய் அதில் வழுக்கி வழுக்கி, கடைசியில் எழுந்திருக்கவே பயப்படும். அது நடக்கும் வழியில் ஒரு சாக்கோ ரப்பர் விரிப்போ போடச் சொல்லுங்கள். டாக்ஸ்ஹண்ட் இன நாய் என்றால் படியிலும் கட்டிலிலும் குதிக்க விடக் கூடாது. அந்த நீள முதுகில் தண்டுவட வட்டு பிதுங்கினால் பின்னங்கால்கள் செயலிழந்துவிடும்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் நீங்களே ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

வயதானவர்களுக்கு நாயைக் கொடுக்கத் தயங்குகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியரும் அவர் மனைவியும் பகல் முழுக்க வீட்டில் இருக்கிறார்கள், நேரத்துக்குச் சாப்பிடுகிறார்கள், மெதுவாக நடக்கிறார்கள். பத்து வயது நாய்க்கு இதைவிடப் பொருத்தமான வீடு எங்கே கிடைக்கும்? “உங்களால் முடியாமல் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்?” என்று மரியாதையாகக் கேட்டு, அந்த மகனிடமோ மகளிடமோ தொலைபேசியில் பேசிவிட்டால் போதும். இரண்டு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில்தான் நான் தயங்குவேன். குழந்தை வாலைப் பிடித்து இழுக்கும். மூட்டுவலி உள்ள நாய் ஒருநாள் பல்லைக் காட்டும். மறுநாள் திரும்பி வந்துவிடும்.

பரிதாபத்தைக் காட்டி இடம் பிடிப்பது

கம்பிக்குப் பின்னால் அழுக்கு முகத்தோடு நிற்கும் படத்தைப் போட்டு “இன்று எடுக்காவிட்டால் இறந்துவிடும்” என்று எழுதினால் தொலைபேசி விடாமல் அடிக்கும். அழைப்பவர்கள் இரக்கத்தில் முடிவெடுப்பவர்கள். இரக்கம் முதல் மூத்திரக் கறை வரைக்கும்தான் தாங்கும். நாயைக் குளிப்பாட்டி, சிக்கு முடியை வெட்டி, தரையில் உட்கார்ந்து அதன் கண் மட்டத்தில் படம் எடுங்கள். அது என்ன செய்யும் என்று எழுதுங்கள்: காலையில் ஒரு நடை போதும், இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போகும், பூனையோடு ஒத்துப்போகாது, காது கொஞ்சம் மந்தம். இதைப் படித்துவிட்டு அழைப்பவர் ஒருவராக இருந்தாலும், அந்த ஒருவர் போதும்.

அவசரமாக அனுப்புவதும் முதல் வாரங்களும்

பொங்கல் சமயத்தில் கிருஷ்ணகிரிப் பக்கம் ஊருக்கு ஊர் எருது விடும் விழா. கூட்டமும் ஒலிபெருக்கியும் வெடியுமாக இருக்கும். தீபாவளியைச் சொல்லவே வேண்டாம். அந்த வாரங்களில் நாயை இடம் மாற்றாதீர்கள். பைக்கில் மடியில் வைத்துக்கொண்டு போக விடாதீர்கள். கூண்டில் வைத்து, காரிலோ ஆட்டோவிலோ, காலை வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேரட்டும். கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தால் தளர்ந்த மூச்சுக்குழாய் நசுங்கும். மார்போடு சேர்த்து மாட்டும் வார் போடுங்கள்.

வந்த அன்றே குளிப்பாட்டுவதும், அக்கம்பக்கத்தாரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுவதும் வேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்லி அனுப்புங்கள். நாய்களோடு புழங்குபவர்கள் சொல்லும் ஒரு கணக்கு உண்டு: பயம் தெளிய மூன்று நாள், வீட்டின் நடைமுறை புரிய மூன்று வாரம், இது நம் வீடு என்று ஆக மூன்று மாதம். வயதான நாய்க்குக் கொஞ்சம் கூடவே ஆகலாம். முதல் இரவுகளில் அழும், மூலையில் சிறுநீர் கழிக்கும். திட்டாமல் துடைத்துவிட்டு அடிக்கடி வெளியே அழைத்துப் போனால் சரியாகிவிடும். பல மாதங்கள் கழித்தும் இரவெல்லாம் காரணமில்லாமல் நடந்துகொண்டே இருந்தால், அது மூப்பினால் வரும் மூளைத் தளர்ச்சியாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

காப்பகத்தில் சாப்பிட்டதையே முதல் வாரம் கொடுக்கச் சொல்லி, ஒரு பையில் கட்டிக் கொடுங்கள். பிறகு சிறிது சிறிதாக மாற்றலாம். நம் ஊர்க் கேழ்வரகுக் களி பல் இல்லாத நாய்க்கும் ஒத்துக்கொள்ளும். ஆனால் அதன்மேல் ஊற்றும் குழம்பில் வெங்காயமும் உப்பும் இருக்கிறது. வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். களியில் வேகவைத்த கோழியும் அந்தத் தண்ணீரும் சேர்த்துப் பிசையலாம். திராட்சை, சாக்லேட், வெந்த எலும்பு கூடவே கூடாது. கால் நொண்டுகிறதே என்று நமக்கு வாங்கிய வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். ஐபுபுரூஃபென் ஒரு சின்ன நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

கொடுத்த பிறகு கைகழுவுவது

ஊசி அட்டை, மருந்துச் சீட்டு, இரத்தப் பரிசோதனை முடிவு ஆகியவற்றோடு ஒரு ஒப்பந்தத் தாளும் இருக்கட்டும். அதில் முக்கியமான வரி ஒன்றுதான்: வைத்துக்கொள்ள முடியாவிட்டால் காப்பகத்துக்கே திருப்பித் தர வேண்டும், வேறு யாருக்கும் கொடுக்கவோ எங்காவது விடவோ கூடாது. பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைக் காரணமின்றிக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லிவிடுங்கள். மிரட்டுவதற்காக அல்ல, பலருக்கு இது தெரியாது.

முதல் வாரத்தில் ஒருமுறை, மாதக் கடைசியில் ஒருமுறை, மூன்று மாதம் ஆனதும் ஒருமுறை நீங்களே அழையுங்கள். “நன்றாக இருக்கிறதா?” என்று கேட்டால் “நன்றாக இருக்கிறது” என்றுதான் சொல்வார்கள். “எங்கே படுக்கிறது? இன்று காலை என்ன சாப்பிட்டது? எடை பார்த்தீர்களா?” என்று கேளுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு அடுத்த தேதி வரும்போது நினைவூட்டுங்கள். வாரில் ஒரு தகடு கட்டி, அதில் புதிய வீட்டாரின் எண்ணோடு காப்பகத்தின் எண்ணையும் பொறித்துக் கொடுங்கள். அவர்கள் தொலைபேசி எண் மாறினால் தகட்டையும் மாற்றச் சொல்லுங்கள்.