ப்ரோமோட்டரில் மோட்டிஃப் தேடும் முன்

ப்ரோமோட்டர் என்பது ஜீனுக்கு முன்னால் இருந்து அதை இயக்கும் டிஎன்ஏ துண்டு. என் முதல் ப்ரோமோட்டர் அலசலில் ஒரு வாரம் முழுக்க ஜீனின் தப்பான பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டிஎன்ஏ-வின் இரண்டு இழைகளில் எதிர் இழையில் இருக்கும் ஜீனுக்கு ப்ரோமோட்டர், குரோமோசோமில் இட எண் கூடுகிற பக்கம் வரும். நான் குறைகிற பக்கம் 1,000 எழுத்தை வெட்டி, மோட்டிஃப்களை (ஜீனை இயக்கும் புரதங்கள் ஒட்டும் குறுந்துண்டுகளை) தேடித்தரும் பிளான்ட்கேர் தளத்தில் போட்டேன். வேடிக்கை என்னவென்றால், அதற்கும் வறட்சி, குளிர், ஒளி என்று நீளமாக ஒரு பட்டியல் வந்தது. வண்ணம் தீட்டிப் படமே போட்டுவிட்டேன்!

ஆகவே முதலில் இழையைப் பாருங்கள். எதிர் இழை என்றால் துண்டைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பி, ஏ-டி, சி-ஜி இணைகளை மாற்றிக்கொள்ள வேண்டும். ஜீனோமிலிருந்து துண்டு வெட்டித்தரும் பெட்டூல்ஸ் மென்பொருளில் இதற்கென்றே ஒரு ஆப்ஷன் உண்டு. போட மறந்தால் அது எச்சரிக்காது. எண்ணத் தொடங்குவது புரதக் குறியீடு தொடங்கும் ஏடிஜி-யிலிருந்து அல்ல, ஆர்என்ஏ படியெடுப்பு தொடங்கும் இடத்திலிருந்து.

சரி, தப்பான துண்டில் ஏன் அவ்வளவு கிடைத்தது? சின்னக் கணக்குதான். நாலு எழுத்தும் சம அளவில் இருந்தால், 'சிஏஏடி' போன்ற நாலெழுத்துத் துண்டு 256 இடத்துக்கு ஒருமுறை தற்செயலாகவே வரும். 1,000 எழுத்தில், இரண்டு இழையும் சேர்த்து, ஏறக்குறைய 8 முறை. அராபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியைப் போல ஏ-டி மிகுந்த ஜீனோமில் டாட்டா பெட்டி (டிஏடிஏ என்று வரும் துண்டு) மாதிரியானவை இன்னும் மலியும். அந்தப் பட்டியலை நம்பி ஆய்வுக்கட்டுரை எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

அதனால் ஒப்பீடு இல்லாமல் எண்ணாதீர்கள். வறட்சியில் தூண்டப்பட்ட ஜீன்களின் ப்ரோமோட்டர்கள் ஒரு பக்கம். வறட்சிக்கு அசையாமல் இருந்த ஜீன்களிலிருந்து அதே நீளத்தில் எடுத்தவை இன்னொரு பக்கம். இரண்டிலும் மோட்டிஃப் உள்ளவை எத்தனை என்று எண்ணி, வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் ஃபிஷர் சோதனை போடுங்கள். பல மோட்டிஃப்களைச் சோதித்தால் பி-மதிப்பை (தற்செயலாகவே இப்படி வரும் வாய்ப்பை) திருத்தவும் வேண்டும். புது மோட்டிஃப் தேட மீம் என்ற மென்பொருள் இருக்கிறது. அதற்கும் பின்னணி சீக்வென்ஸ் கொடுங்கள்.

அப்புறம், உங்கள் ஸ்கிரிப்ட் சரியா என்று பார்க்க அராபிடாப்சிஸின் ஆர்டி29ஏ ஜீனை எடுத்துக்கொள்ளுங்கள். வறட்சி, குளிர், உப்பு மூன்றுக்கும் அதைத் தூண்டும் 'டிஏசிசிஜிஏசிஏடி' என்ற ஒன்பது எழுத்தை யமாகுச்சி-ஷினோசாகி, ஷினோசாகி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994-இல் காட்டினார்கள், அதுவும் செடியிலேயே சோதித்து. ஒன்பது எழுத்து தற்செயலாக வர 2,62,144 இடம் வேண்டும். எதிர் இழையில் அது 'ஏடிஜிடிசிஜிஜிடிஏ' என்று தெரியும். இரண்டு வடிவத்தையும் தேடுங்கள். எதுவும் சிக்கவில்லையென்றால் ஜீனைக் குறை சொல்லாமல் வெட்டிய இடத்தைத் திரும்பப் பாருங்கள்.