பெருந்தொற்று வார்டில் உடன் பணிபுரிவோரின் மனத்தைக் காப்பது எப்படி?

கொரோனாவின் இரண்டாம் அலை 2021 மே மாதம் தமிழ்நாட்டில் உச்சத்தைத் தொட்ட நாட்களில், கவச உடைக்குள் ஆறு மணி நேரம் நின்றுவிட்டு வெளியே வந்த செவிலியர் கையுறையைக் கழற்றும்போது, வியர்வையில் ஊறிய விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருக்கும். மூக்குத்தண்டில் முகக்கவசம் அழுத்திய தடம் இருக்கும். கழிப்பறைக்குப் போக நேரிடுமே என்று பணிக்கு முன்பிருந்தே தண்ணீரைத் தவிர்த்திருப்பார். அவரிடம் மூச்சுப் பயிற்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன், குடிக்கத் தண்ணீரும் உட்கார ஓர் இடமும் கொடுக்க வேண்டும். மனநலப் பாதுகாப்பு அங்கேதான் தொடங்குகிறது என்பதால், டியூட்டி பட்டியலை எழுதும் பொறுப்புச் செவிலியருக்கும் பிரிவுத் தலைவருக்குமே இதை எழுதுகிறேன்.

பட்டியலை ஒரு வாரத்துக்கு முன்பே ஒட்டிவிடுங்கள். நாளை எந்த வார்டு என்று தெரியாத தவிப்பு, வேலைப்பளுவுக்கு மேல் மனத்தை அரிக்கும். நைட் டியூட்டியை ஒருவருக்கே அடுக்காமல், தீவிர சிகிச்சைப் பிரிவில் நின்றவரைச் சில நாட்களில் சுமை குறைந்த வார்டுக்கு மாற்றுங்கள். புதிதாகச் சேர்ந்தவரை அனுபவமுள்ளவரோடு இணைத்து, சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று இருவரும் நாள்தோறும் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஒப்பந்தச் செவிலியர், தூய்மைப் பணியாளர், பிணவறை ஊழியர் ஆகியோரையும் இந்த ஏற்பாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். உடல்களைப் பொதிந்து கட்டியவர்கள் அவர்கள்தாம், எனினும் அவர்களிடம் நலம் விசாரிப்பவர் குறைவு.

மரணத்துக்குப் பிந்தைய நிமிடங்களில்தான் உங்கள் உதவி மிகவும் தேவைப்படும். உறவினர் உள்ளே வர இயலாத வார்டில், பிளாஸ்டிக் உறையிட்ட கைபேசியை நோயாளியின் முகத்துக்கு நேரே பிடித்தபடி, மறுமுனையில் மகள் ‘அப்பா, கண்ணைத் திறங்கப்பா’ என்று கதறுவதைக் கேட்டு நின்றவரை உடனே அடுத்த கட்டிலுக்கு அனுப்பாதீர்கள். அவருடைய நோயாளிகளை நீங்கள் பார்த்துக்கொண்டு, பத்து நிமிடமாவது அவரை வெளியே இருக்க விடுங்கள். அவர் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். பேசாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். நடந்ததையெல்லாம் விவரிக்கச் சொல்லி ஒரே அமர்வில் கட்டாயமாகப் பேசவைப்பதை உலக சுகாதார அமைப்பும் பரிந்துரைப்பதில்லை. படுக்கை கிடைக்காததோ ஆக்சிஜன் தாமதமானதோ மரணத்துக்குக் காரணமென்றால், அதை மழுப்பாமல் அவரிடம் சொல்லிவிடுங்கள். பற்றாக்குறையின் பழியைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு பல மாதம் தூக்கமிழந்து தவிப்பவர்களுக்கு, பொதுவான ஆறுதல் சொற்கள் போதுவதில்லை.

வெளியிலிருந்து வரும் வெறுப்பும் ஒரு சுமை. 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் ஒரு கூட்டம் தாக்கியதை நாம் மறக்கவில்லை. அதே ஆண்டு திருத்தப்பட்ட தொற்றுநோய்ச் சட்டம், மருத்துவப் பணியாளருக்குக் கொடுங்காயம் விளைவிப்போருக்கு 7 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க வழிசெய்கிறது. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லி மிரட்டினால், பணியாளரைத் தனியே அலையவிடாமல் நிர்வாகத்தின் வழியாகக் காவல் நிலையத்தை அணுகுங்கள்.

வழக்கமாகப் பொறுமையாக இருப்பவர் எரிந்து விழுவது, மருந்து அளவில் தடுமாறுவது, மானிட்டர் ஒலி வீட்டிலும் காதில் கேட்பதாகச் சொல்வது, தாமாகவே தூக்க மாத்திரை எடுத்துக்கொள்வது, குடி கூடுவது ஆகியவற்றைக் கவனியுங்கள். சோர்வும் நாட்டமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வாழ்வில் வெறுப்பாகப் பேசுபவரிடம், ‘சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?’ என்று தனியிடத்தில் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றே சிகிச்சைக்கு ஏற்பாடு செய்யுங்கள். 104, 14416 ஆகிய உதவி எண்களை ஓய்வறைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். சிகிச்சை பெற்றால் வேலைக்கு ஆபத்து என்ற அச்சமே பலரைத் தடுக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களுக்கு இரகசியக் காப்பை உரிமையாக அளித்துள்ளது என்பதை எடுத்துச் சொல்லுங்கள். நீங்களும் அதை மற்றவரிடம் பேசாதீர்கள்.

அலை ஓய்ந்த பிறகே உடைந்து போகிறவர்கள் உண்டு. சிறப்பு வார்டு மூடப்படும் நாளிலேயே, ஒரு மாதம் கழித்து ஒரு தேதியையும் மூன்று மாதம் கழித்து ஒரு தேதியையும் டியூட்டி நோட்டில் குறித்துவைத்து, ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டவர்கள் உட்பட ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து விசாரியுங்கள்.