பிறர் பணத்தை முதலீடு செய்யும் டிரஸ்டி கவனிக்க வேண்டியவை

அறக்கட்டளை என்ற சொல்லைக் கேட்டதும் தருமகாரியம்தான் நினைவுக்கு வரும். ஆனால் இறந்துபோன தம்பி தன் மகளுக்கென ஒதுக்கிய பத்து லட்சம் ரூபாயை அண்ணன் பொறுப்பேற்று நிர்வகிப்பதும் ஒரு டிரஸ்ட்தான்; அதில் அண்ணன் டிரஸ்டி, அந்த மகள் பயனாளி. இத்தகைய தனியார் டிரஸ்ட்டுகளுக்குரியது 1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட்டுகள் சட்டம். சமய, தரும அறக்கட்டளைகளும் வக்ஃபும் அதில் அடங்கா. இங்கே சொல்லப்படுவது அந்த அண்ணனைப் போன்றவர்களுக்காக.

முதலில் டிரஸ்ட்டை ஏற்படுத்திய ஆவணமான டிரஸ்ட் பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படியுங்கள். பணம் உடனடியாகவோ விரைவிலோ செலவுக்குத் தேவைப்படாதபோது, பத்திரத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பத்திரமே வெளிப்படையாக அனுமதித்தவற்றிலோ மத்திய அரசு அரசிதழில் அறிவித்தவற்றிலோ அதை முதலீடு செய்ய வேண்டும் என்கிறது 20-ஆம் பிரிவு. முன்பு அனுமதிக்கப்பட்ட முதலீடுகளின் பட்டியல் சட்டத்துக்குள்ளேயே இருந்தது; 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கி, அறிவிக்கையின் பொறுப்பில் விட்டது. ஆகவே பழைய சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டாம். வயதுவந்த பயனாளி ஒருவருக்கு ஆயுள் முழுவதும் வருமானம் பெறும் உரிமை இருந்தால், அவருடைய எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் முதலீடு செய்யக் கூடாது; தொலைபேசியில் "சரி, செய்யுங்கள்" என்று அவர் சொன்னது போதாது.

அடுத்து, பணத்தை உங்கள் சொந்தக் கணக்கில் ஒருநாள்கூட வைக்காதீர்கள். டிரஸ்ட்டின் பெயரில் தனிக் கணக்கு தொடங்கி, ஒவ்வொரு வரவையும் செலவையும் எழுதி வையுங்கள். பயனாளி நியாயமான நேரத்தில் கேட்டால் முழு விவரம் தருவது 19-ஆம் பிரிவு விதிக்கும் கடமை. உங்களுக்கோ உடன் டிரஸ்டிக்கோ அந்தப் பணத்தைக் கடனாகக் கொடுக்கக் கூடாது. வட்டி கூடுதலாகத் தருவதாகச் சொன்னாலும், வீட்டை அடமானம் வைத்தாலும், 54-ஆம் பிரிவு அதற்கு இடம் தருவதில்லை. குடும்பங்களில் மிக எளிதாக நடந்துவிடும் தவறு இதுவே என்பது என் கருத்து.

நட்டம் வந்துவிட்டால் கைப்பணம் போட வேண்டுமா என்பதுதான் பலரின் அச்சம். சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் சொத்தை எவ்வளவு கவனமாகக் கையாள்வாரோ அவ்வளவு கவனத்தை 15-ஆம் பிரிவு எதிர்பார்க்கிறது. அவ்வாறு நடந்துகொண்டவர் நட்டத்துக்குப் பொறுப்பாகார். சட்டமே ஓர் உதாரணம் தருகிறது: கல்கத்தாவில் உள்ள டிரஸ்டி, ஐயத்துக்கு இடமற்ற நாணயம் உள்ளவரின் உண்டியல் (பணம் தரும்படி எழுதப்படும் மாற்றுச் சீட்டு) வழியாகப் பம்பாயில் உள்ள பயனாளிக்குப் பணம் அனுப்புகிறார், அந்தச் சீட்டுக்குப் பணம் தர மறுக்கப்படுகிறது, டிரஸ்டி ஈடுகட்ட வேண்டியதில்லை. எனவே எந்தெந்த முதலீடுகளை ஒப்பிட்டீர்கள், ஏன் இதைத் தேர்ந்தீர்கள் என்பதை அன்றைய தேதியிட்டு அரைப்பக்கம் எழுதி வைப்பது, பின்னாளில் உங்கள் விவேகத்துக்குச் சாட்சியாக நிற்கும்.

பயந்துபோய் பணத்தைச் சும்மா வைத்திருப்பதும் பாதுகாப்பல்ல. முதலீடு செய்து வட்டியைச் சேர்த்துவர வேண்டிய பணத்தை அப்படியே விட்டுவிட்டால், நீதிமன்றம் வேறுவிதமாக உத்தரவிடாதவரை, 23-ஆம் பிரிவின்படி ஆண்டுக்கு 6 சதவீதம், அரையாண்டுக்கு ஒருமுறை கூட்டுவட்டியாகக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும். மேற்சொன்ன பத்து லட்சம் ஐந்து ஆண்டுகள் உறங்கினால், அண்ணன் தலையில் விழும் வட்டி சுமார் 3,43,900 ரூபாய். பணத்தைத் தம் கடையில் போட்டுப் புரட்டியிருந்தாலோ, அந்த வட்டியையோ கிடைத்த நிகர லாபத்தையோ, எது வேண்டுமோ அதைப் பயனாளி கேட்கலாம். ஒரு தவறான முதலீட்டின் நட்டத்தை, வேறொரு தவறான முதலீட்டில் வந்த லாபத்தால் ஈடுகட்டிக்கொள்ள 24-ஆம் பிரிவு விடாது.

டிரஸ்டிகள் பலர் இருந்தால், பத்திரம் வேறுவிதமாகச் சொன்னாலன்றி, எல்லாரும் சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும். மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று காசோலைப் புத்தகத்தில் மொத்தமாகக் கையெழுத்திட்டுக் கொடுப்பது அவருடைய தவறையும் உங்கள் மேல் ஏற்றிவிடக்கூடும்.

என்ன செய்வதென்று தெளிவில்லாதபோது, வழக்குத் தொடராமலேயே 34-ஆம் பிரிவின்கீழ் முதன்மை உரிமையியல் நீதிமன்றத்தில் மனுக்கொடுத்து, நிர்வாகம் பற்றி ஆலோசனை கேட்கலாம். சிக்கலான பெரிய தகராறுகளுக்கு இவ்வழி பொருந்தாது. உண்மைகளை மறைக்காமல் சொல்லி, நீதிமன்றம் சொன்னபடி நடந்தவர், அந்த விஷயத்தில் தம் கடமையைச் செய்தவராகவே கருதப்படுவார்.