மலை வீட்டில் டயல்-அப் வேகம்: இருக்கிற இணையத்தை வைத்து வேலையை முடிப்பது எப்படி

எங்கள் வீட்டுக்கு ஏற்காட்டிலிருந்து நாகலூர் பக்கம் போய், காபித் தோட்டங்களுக்கு நடுவே இறங்க வேண்டும். டவர் இருக்கும் திசையை ஒரு மேடு மறைக்கிறது. மேட்டின் மேல் முழுக்க சில்வர் ஓக் மரங்கள். கைபேசியில் ஒரு கோடு தெரிந்தால் அன்றைக்கு நல்ல நாள்.

போன வருடம் தம்பி மகள் ஒரு வேலைக்குச் சான்றிதழ்களை மின்னஞ்சலில் அனுப்ப உட்கார்ந்தாள். ஐந்து சான்றிதழ்களைக் கைபேசியில் படம் எடுத்திருந்தாள், ஒவ்வொன்றும் 4 எம்பி. இரவு 10 மணிக்கு ஆரம்பித்தது. மூன்று முறை பாதியில் அறுந்தது. "இன்னும் சுத்திக்கிட்டே இருக்குது பெரியப்பா" என்று அவள் சொன்னபோது மணி 12 தாண்டிவிட்டது, கடைசித் தேதியும் போய்விட்டது. அந்தப் படங்களைச் சிறிதாக்கியிருந்தால் இரண்டு நிமிடத்தில் போயிருக்கும் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அன்றிலிருந்து நான் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். கணினி தெரியாதவர்களும் செய்யலாம்.

படி 1: முதலில் எடை போடுங்கள்

1995 ஆகஸ்ட் 15-இல் அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் கொடுத்தபோது அது தொலைபேசிக் கம்பி வழியாக வந்தது. அதற்குத்தான் டயல்-அப் என்று பெயர். கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் பெட்டிதான் மோடம். பின்னால் வந்த நல்ல மோடம்களுக்கும் உச்ச வேகம் 56 கேபிபிஎஸ்தான். இன்று நம் கைபேசியில் தினசரி டேட்டா தீர்ந்துபோனால், பெரும்பாலான திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ்-க்கு இறங்கிவிடும். கிட்டத்தட்ட அதே டயல்-அப்.

இதில் ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும். வேகத்தைப் பிட் கணக்கில் சொல்வார்கள் (கேபிபிஎஸ் என்றால் நொடிக்கு இத்தனை கிலோபிட்), கோப்பின் அளவைப் பைட் கணக்கில் சொல்வார்கள். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆக 64-ஐ 8-ஆல் வகுத்தால் நொடிக்கு 8 கேபி. 50 கேபி விண்ணப்பப் படம் 6 நொடியில் போகும். 1 எம்பி-க்கு இரண்டு நிமிடம் ஆகும். தம்பி மகளின் 20 எம்பி-க்கு ஒரு முறைகூட அறாமல் இருந்தாலே 40 நிமிடம் பிடித்திருக்கும். 1 ஜிபி சினிமாவுக்கு ஒன்றரை நாள்.

எதையும் தொடும் முன் அதன் அளவைக் கேபி-யில் பார்த்து, 8-ஆல் வகுத்து, எத்தனை நொடி ஆகும் என்று கணக்குப் போடுங்கள். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

படி 2: வீட்டுக்குள் நல்ல இடத்தைத் தேடுங்கள்

கோடுகளை நம்பாதீர்கள். ஆண்ட்ராய்டு கைபேசியில் செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் ஸ்ட்ரெங்த் என்று ஓர் எண் இருக்கும். மைனஸ் குறியோடு, டிபிஎம் அளவில். பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க நல்லது. 4ஜி-யில் மைனஸ் 90 என்றால் நிம்மதியாக வேலை செய்யலாம். மைனஸ் 100-லிருந்து 110 வரை தட்டுத்தடுமாறி ஓடும். மைனஸ் 115-க்குக் கீழே போனால் பாடுதான்.

கைபேசியை எடுத்துக்கொண்டு வீடு முழுக்க நடங்கள். ஒவ்வோர் இடத்திலும் அரை நிமிடம் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் சமையலறையில் மைனஸ் 118. பரண் மேல் இருக்கும் சின்ன ஜன்னலில் மைனஸ் 103. வெறும் 15 வித்தியாசம்தானே என்று நினைக்க வேண்டாம். இந்த அளவுகோலில் 10 கூடினால் சக்தி 10 மடங்கு, 15 கூடினால் ஏறக்குறைய 30 மடங்கு. ஆறு அடி மேலே ஏறியதற்குக் கிடைத்த பலன் அது.

மழையிலும் மூடுபனியிலும் மரத்து இலைகள் நனைந்திருக்கும்போது எண் இன்னும் கீழே போகும். அதனால் ஒரு நாள் பார்த்ததோடு முடிவு செய்யாமல், மழை நாளிலும் ஒரு முறை அளந்து பாருங்கள்.

படி 3: பழைய கைபேசியை ஜன்னலில் வையுங்கள்

எங்கள் வீட்டில் பெரிய மாற்றம் கொண்டுவந்தது இதுதான். பெட்டியில் கிடக்கும் பழைய 4ஜி கைபேசியில் சிம்மைப் போட்டு, அந்த நல்ல ஜன்னலில் வைத்து, ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிடுங்கள். டவரோடு பேசும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். நீங்கள் கீழே கூடத்தில் உட்கார்ந்து வைஃபையில் இணைந்துகொள்ளலாம். ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள், சுவரைத் தாண்டி வர அதுதான் தோது.

ஒரு கண்ணியை மட்டும் மறக்கக் கூடாது. உங்கள் கைபேசி இதை அளவில்லாத வைஃபை என்று நினைத்துக்கொண்டால், செயலிகளை எல்லாம் புதுப்பிக்க ஆரம்பித்துவிடும். காலையில் கண் விழிப்பதற்குள் அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். எனவே வைஃபை பெயரைத் தொட்டு, அதன் அமைப்பில் மீட்டர்டு (அளவுள்ள இணைப்பு) என்று மாற்றிவிடுங்கள். விண்டோஸ் கணினியிலும் மீட்டர்டு கனெக்‌ஷன் என்றே இருக்கும். அதையும் போடுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் இங்கே இடி பலமாக இருக்கும். வானம் இருட்டியதும் ஜன்னல் கைபேசியின் சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள். டயல்-அப் காலத்தில் மோடம் வைத்திருந்தவர்கள் தொலைபேசிக் கம்பியையும் சேர்த்துப் பிடுங்கிவைப்பார்கள்.

படி 4: தானாக ஓடுவதை நிறுத்துங்கள்

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மீடியா ஆட்டோ டவுன்லோட். அங்கே இருக்கும் எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள். குடும்பக் குழுவில் வரும் காலை வணக்கப் படங்கள் தொட்டால் மட்டும் இறங்கும். பிளே ஸ்டோரில் ஆட்டோ அப்டேட்டை நிறுத்துங்கள். கைபேசியின் டேட்டா சேவரைப் போடுங்கள். அவ்வளவுதான்.

படி 5: பக்கங்களை இளைக்க வையுங்கள்

ஓபரா மினி உலாவி பக்கத்தைத் தன் சர்வரிலேயே சுருக்கித்தான் நமக்கு அனுப்பும். அதில் டேட்டா சேமிப்பை உச்சத்தில் வைத்தால் செய்திகள் படிக்கத் தாராளமாகப் போதும். வங்கி வேலைக்கு மட்டும் அதைப் பயன்படுத்தாதீர்கள். இன்னொரு வழி, ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற துணைநிரலைச் சேர்ப்பது. விளம்பரங்கள் போய்விடும். 50 கேபி-க்கு மேற்பட்ட படங்களைத் தடுக்கும் அமைப்பும் அதிலேயே இருக்கிறது.

படி 6: அனுப்பும் வேலைக்குத் தனிக் கவனம்

டவர் பலமாகப் பேசும், நம் கைபேசியால் மெதுவாகத்தான் பதில் சொல்ல முடியும். 4ஜி கைபேசியின் ஒலிபரப்புச் சக்தி பொதுவாக 0.2 வாட்டைத் தாண்டாது. அதனால் சிக்னல் குறைந்த இடத்தில் இறக்குவதைவிட ஏற்றுவதுதான் முதலில் படுக்கும். விண்ணப்பம் போடும் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

சான்றிதழைப் படம் எடுத்ததும் ஓரங்களை வெட்டுங்கள். இணையம் இல்லாமலே படத்தைச் சிறிதாக்கும் செயலி ஒன்றை முன்கூட்டியே இறக்கி வைத்து, அதில் 200 கேபி-க்குள் கொண்டுவாருங்கள். பெரிதாக்கிப் பார்த்து, பதிவு எண்ணும் முத்திரையும் படிக்க முடிகிறதா என்று உறுதி செய்யுங்கள். அரசு விண்ணப்பங்களில் இத்தனை கேபி-க்குள் என்று அவர்களே வரம்பு சொல்லியிருப்பார்கள்.

நீளமான பதில்களைப் படிவத்தில் நேராகத் தட்டாதீர்கள். நோட்ஸில் எழுதி வைத்துக்கொண்டு, இணைப்புப் போட்டு, ஒட்டி, அனுப்புங்கள். டயல்-அப்பில் நிமிடத்துக்குக் காசு ஓடியதால் கடிதத்தை முதலில் எழுதி முடித்துவிட்டுத்தான் மோடத்தைப் போடுவார்கள். இன்றும் அதே முறை உதவும், ஏனென்றால் பாதியில் அறுந்தால் படிவம் முழுக்க வெறுமையாகிவிடும்.

ஓடிபி வரவேண்டிய சிம் எந்தக் கைபேசியில் இருக்கிறதோ, அதை நல்ல இடத்திலேயே வையுங்கள். பணம் அனுப்ப அவசரம், டேட்டா சுத்தமாக இல்லை என்றால் *99# போட்டுப் பாருங்கள். வங்கியில் பதிவு செய்த எண்ணாக இருந்தால், பல சிம்களில் இணையமே இல்லாமல் வேலை செய்யும்.

படி 7: நேரம் பார்த்துச் செய்யுங்கள்

ஒரு டவரின் வேகத்தை அதில் இணைந்திருக்கும் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறோம். சனி, ஞாயிறுகளில் சுற்றுலா வண்டிகள் ஏறி வந்ததும் வேகம் படுத்துவிடும். மே மாதக் கோடை விழா நாட்களில் கேட்கவே வேண்டாம். முக்கியமான வேலையை வார நாளில், விடியற்காலை 5 மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தம்பி மகள் இப்போது கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்பே அந்த நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள்.

படி 8: கனமானதைச் சேலத்திலிருந்து சுமந்து வாருங்கள்

மாதம் ஒரு முறையாவது சேலத்துக்கு இறங்குவோம். அதற்கு முன் ஒரு தாளில் பட்டியல் போடுங்கள்: செயலிப் புதுப்பிப்புகள், பாடக் காணொளிகள், கூகுள் மேப்ஸில் நம் மாவட்டத்தின் ஆஃப்லைன் வரைபடம், மொழிபெயர்ப்புச் செயலியின் தமிழ்க் கோப்பு. படிக்கிற பிள்ளைகள் இருந்தால் கிவிக்ஸ் என்ற செயலியைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாக அதில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு இணையம் இல்லாமலே தேடிப் படிக்கலாம். உறவினர் வீட்டு வைஃபையில் காபி குடிக்கிற நேரத்தில் இதில் பாதி இறங்கிவிடும்.

எல்லாம் இறங்கியதும் அங்கிருந்து உடனே கிளம்பாதீர்கள். கைபேசியை ஏரோபிளேன் மோடில் போட்டு, இறக்கிய ஒவ்வொன்றையும் ஒரு முறை திறந்து பாருங்கள். திறக்காததை அங்கேயே மறுபடி இறக்கிக்கொண்டு, அப்புறம் அடிவாரம் பக்கம் வண்டியைத் திருப்புங்கள்.