எடைக்கு முன் இடுப்பை அளந்து பாருங்கள்

வயிற்றைச் சுற்றித் தங்கும் கொழுப்புக்கும் நீரிழிவு, இதயநோய் ஆகியவற்றுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பதால், முதலில் அளவுநாடாவை எடுங்கள். காலையில் வெறும் வயிற்றுடன் நிமிர்ந்து நின்று, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே நாடாவைத் தரைக்கு இணையாகச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்டதும் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு அளந்தால் அந்த எண்ணால் பயனில்லை. இந்தியர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற எல்லையைத் தாண்டியிருந்தால், இரத்தச் சர்க்கரை, இரத்த அழுத்தம், ட்ரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை உடல் பருமனை ‘ஸ்தௌல்யம்’ என்று அழைத்து, மிகையுணவு, உழைப்பின்மை, பகலுறக்கம் ஆகியவற்றைக் காரணங்களாகக் கூறுகிறது. செரிக்க நேரம் பிடிக்க வேண்டும், ஆனால் உடலைப் பெருக்கக் கூடாது என்பது அதன் உணவு விதி. நார்ச்சத்தும் புரதமும் பசியைத் தள்ளிப்போடும் என்ற இன்றைய அறிவோடு அது பொருந்துவது எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது. கொள்ளுப் பயறை இரவே ஊறவைத்து, காலையில் குழைய வேகவைத்து, வடித்த நீரில் மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு ரசம் வையுங்கள். வெந்த கொள்ளைத் துவையலாக அரைத்து, சோற்றைப் பாதியாகக் குறையுங்கள். சாப்பிட்டதும் படுக்காமல் கால் மணி நேரம் நடங்கள்.

நீரிழிவுக்காக இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைத்தால் சர்க்கரை திடீரென இறங்கக்கூடும் என்பதால், மருந்தின் அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். குக்குலு என்ற மரப்பிசின் சேர்ந்த ஆயுர்வேத மருந்து எதையேனும் உட்கொண்டால் அதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.